ஏணிமலையில் சுட்ட ஏழு

கையெழுத்து என்னுடையதுதான், டாக்டரம்மா. மறுக்கவில்லை. போட்டோவை இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டுங்கள். ஆமாம், 'ஏ' போடும்போது காலை நீளமாக இழுத்துவிடுவேன், அது என் பழக்கம். பறவைக் காலில் கட்டின ஏழு சீட்டும் நான் எழுதியவை. ஏழு பறவையும் நான் சுட்டவை. இடம், ஏணிமலை. வருஷம், எழுபது. மாதம், ஜூன். இதில் என்ன சந்தேகம்?

பறவையின் கால்விரலுக்கு அடியில் தோலைச் சுரண்டிப் பார்த்தீர்களா? ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பஞ்சடைத்துக் கிடந்த பறவை, நான் ஏணிமலைக்காரன் இல்லை, இந்தக் கருஞ்சோலை மலைக்காரன்தான் என்று உங்கள் ஆராய்ச்சி மிஷினிடம் சொல்லிவிட்டதா? சொல்லட்டும்.

என்னிடம் வருவதற்கு முன்னால் நீங்கள் எங்கே போனீர்கள் என்று எனக்குத் தெரியும். டீக்கடை குருசு சொல்லிவிட்டான். வெள்ளை ஜீப் கீழ்த்தெருவில் ராயப்பன் வீட்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றதாம். அப்போதே புரிந்துகொண்டேன். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இன்றைக்குக் கக்கிவிட்டான். காதுதான் கேட்காது, வாய் நன்றாக இருக்கிறது அவனுக்கு. சரி. அவன் சொன்னதைக் கேட்டீர்கள் அல்லவா, நான் சொல்வதையும் கேளுங்கள். அப்புறம் நீங்கள் கொண்டுவந்திருக்கிற வாக்குமூலத் தாளில் கையெழுத்து வாங்குங்கள்.

ராயப்பன் என் மச்சினன். என் மனைவி சலேத்தின் தம்பி. அவள் கேட்டுக்கொண்டதால் நான்தான் அவனைக் கல்லூரி மியூசியத்தில் சேர்த்துவிட்டேன். பறவை வேலைக்கு அங்கே நாங்கள் இரண்டே பேர். நான் சுடுவேன், தோல் உரித்துப் பஞ்சு அடைப்பேன், காலில் சீட்டுக் கட்டுவேன். அவன் பறவையைக் கூப்பிடுவான். உதட்டைக் குவித்து அவன் சத்தம் கொடுத்தால், தன் சோடிதான் கூப்பிடுகிறது என்று நினைத்துச் சோலைக்குள் கிடக்கிற பறவை முன்கிளைக்கு வந்து உட்காரும். நான் சுடுவேன். அது போக, செத்த பறவையின் இரைப்பையை அறுத்து உள்ளே என்ன தின்றிருக்கிறது என்று நோட்டில் எழுதுவதும் அவன் வேலை. நல்ல காது அவனுக்கு. அதையும் நான் மறுக்கவில்லை.

சுடுவது பெரிய விஷயம் இல்லை. சாகாமல் விழுகிறதே, அதுதான் வேலை. கழுத்தைத் திருகினால் இறகு உதிரும். கல்லால் அடித்தால் மண்டை உடையும். இறகில் ஒரு சொட்டு ரத்தம் பட்டால் எங்கள் மியூசியப் புரொபசர் அதை என் முகத்திலேயே எறிவார். அதனால் இப்படி, பாருங்கள், இரண்டு சிறகுக்கும் அடியில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொடுத்து நெஞ்சுக்கூட்டை அழுத்த வேண்டும். மூச்சு விட இடம் இருக்காது. விரலுக்கு அடியில் இதயம் முதலில் வேகமாக ஓடும், அப்புறம் திக்கும், அப்புறம் நின்றுவிடும். சிரிப்பான் என்கிற இந்தப் பறவைக்குப் பன்னிரண்டு எண்ண வேண்டும். சின்னதுகளுக்கு ஏழு எட்டு போதும். கண் மட்டும் கடைசி வரைக்கும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரே நாளில் முப்பது செய்திருக்கிறேன். கை நடுங்கியது கிடையாது.

முகத்தைத் திருப்பாதீர்கள் டாக்டரம்மா. நீங்கள் இன்றைக்குச் சுரண்டிப் பார்க்கிற தோல் எல்லாம் அப்படி வந்ததுதான்.

புரொபசர் அற்புதசாமிக்கு இந்தச் சிரிப்பான்தான் உயிர். மனிதன் சிரிப்பது போலக் கத்தும், பார்த்தால் ஒரு மைனா அளவு. பெரிய புத்தகம் எழுதியவர்கள் எல்லாம் நம் மலைச் சிரிப்பானை இமயமலைச் சிரிப்பான்களோடு ஒரே பேரினத்தில் சேர்த்து வைத்திருந்தார்கள். பேரினம் என்றால் வீட்டுப் பெயர் மாதிரி என்று எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். முதல் பெயர் வீட்டுக்கு, இரண்டாவது பெயர் ஆளுக்கு. "அது வடக்கத்தி வீடுடா சவரிமுத்து. நம்மது வேற ரத்தம். இத்தன லட்சம் வருசம் இந்த மலையிலயே கெடந்துருக்கு. இதுக்குத் தனி வீடு கட்டாம நான் சாக மாட்டேன்" என்பார். யாராவது எதிர்த்துக் கடிதம் போட்டால் மைக்கூடு பறக்கும். சுவரில் இன்னும் கறை இருக்கும், போய்ப் பாருங்கள்.

ராயப்பன் அதற்கும் ஒரு பேச்சு வைத்திருந்தான். "மனுசன்ல சாதி பிரிச்சது பத்தலைன்னு குருவிக்கும் பிரிக்கிறாரா? எந்தக் குருவி எந்தக் குருவி வீட்ல தண்ணி குடிக்கக் கூடாதுன்னும் எழுதிருவாரா?" என்றான். புரொபசர் காதில் விழுந்து, அவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

தனி வீடு கட்ட வேண்டும் என்றால் அதில் இரண்டு ஆளாவது இருக்க வேண்டும். நம் கருஞ்சோலையில் இருப்பது ஒன்று. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஏணிமலையில் இருப்பது வேறொன்று என்பது அவர் கணிப்பு. நடுவில் இருக்கிற பள்ளம் அடுப்பு மாதிரிக் காயும், குளிரில் பிறந்த பறவை அதைத் தாண்டவே தாண்டாது. ஆனால் ஏணிமலைப் பறவை என்று அவரிடம் இருந்தது வால் இல்லாத ஒரே ஒரு பழைய தோல். நெஞ்சு வெளுப்பு. நம்முடையது சாம்பல். "ஒரு சொத்தைத் தோலை வச்சுக்கிட்டு உலகத்தோட சண்டை போட முடியாது. ஏழு வேணும். நீ கொண்டாந்து குடு, அந்தப் பறவைக்கு உம் பேரையே வைக்கிறேன்" என்றார்.

என் பெயர். யோசித்துப் பாருங்கள். என் அப்பன் அதே கல்லூரி விடுதியில் கக்கூஸ் கழுவியவன். நாற்பது வருஷத்தில் அவனை ஒருத்தரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. 'டேய்' என்றால் திரும்பிப் பார்ப்பான். அவன் மகன் பெயர் லத்தீனில் ஏறப் போகிறது. உலகம் இருக்கிற வரைக்கும் இருக்கும் என்றார் புரொபசர்.

ஏணிமலை எனக்குப் புதிது இல்லை. அதற்கு முந்தின வருஷம் ராயப்பனும் நானும் போயிருந்தோம். அங்கே ஒரு சாமி சோலை உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு நுழையக் கூடாது. "வேண்டாம் மச்சான், வெளிய வரட்டும், நான் கூப்புடுறேன்" என்றான் ராயப்பன். பறவைக்குத் தெரியுமா சாமி சோலை எது, சும்மா சோலை எது என்று? ஒரே ஒரு வெடிதான் வைத்தேன். அந்த மலை ஊர்க்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேரை நான் அடித்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் என் சட்டையை உரித்து நாவல் மரத்தில் கட்டினார்கள். பச்சை ஏலத்தண்டால் அடி வாங்கியிருக்கிறீர்களா? தோலில் ஒட்டிக்கொண்டு, திரும்ப எடுக்கும்போது உரித்துக்கொண்டு போகும். முதுகு முழுக்க. ஒருவன் என் இடது சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கம் மடக்கினான். முருங்கைக்காய் ஒடிகிற சத்தம்தான் வந்தது. இதோ, இன்றைக்கும் நீளாது.

நான் அழுதேன் என்று ராயப்பன் சொல்லியிருப்பான். பொய். மழை பெய்துகொண்டிருந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? அந்த ஆறு பேர் காலிலும் வரிசையாக விழுந்தான். "எங்க அக்கா தாலிய்யா, விட்டுருங்கய்யா" என்று ஒவ்வொரு காலாகப் பிடித்தான். அவிழ்த்துவிட்டார்கள். அடித்த அடி ஆறிவிடும் டாக்டரம்மா. இன்னொருவன் நமக்காகக் காலில் விழுந்தது ஆறாது. அதோடு விட்டானா? என்னை முதுகில் சுமந்துகொண்டு பள்ளம் இறங்கி, மேடு ஏறி, ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டு ஊரே கோயில் வாசலில் நிற்கிற நேரத்தில் கொண்டுவந்து இறக்கினான். வேறு நேரம் கிடைக்கவில்லை அவனுக்கு.

அடுத்த வருஷம், அந்த ஜூன் மாதம், அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். நான் தனியாகக் கிளம்பினேன். திங்கட்கிழமை காலையில் போனேன், வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு பறவையோடு வந்தேன்.

கணக்குப் போடுகிறீர்களா? போடுங்கள். பள்ளம் இறங்க ஒரு நாள், ஏணிமலை ஏற ஒரு நாள், திரும்ப இரண்டு நாள், அப்போது சுட்டது எப்போது என்கிறீர்கள். என் கால் அன்றைக்கு இருந்த வேகம் உங்களுக்குத் தெரியாது. மழைக்குக்கூட அதிகம் ஒதுங்கவில்லை. இங்கே நம் கோயில் ஃபாதர் தோட்டத்துக் கொட்டகையில் கொஞ்ச நேரம் இருந்தேன். போகும்போது. வரும்போதும். அது வேறு விஷயம்.

ஏழும் வெளுத்த நெஞ்சு. புரொபசர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோலில் பூசுகிற பாஷாண சோப்பு நாறுகிற சட்டையோடு என்னைக் கட்டிப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான். சலேத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வடக்கேயிருந்து ஒரு பெரியவர் வருகிறார், அவர் பார்த்துத் தலையாட்டிவிட்டால் அச்சுக்குப் போய்விடும் என்றார்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏழு இரைப்பையையும் நான் எடுத்து, எண் போட்டு, ஸ்பிரிட் பாட்டிலில் அடைத்து ராயப்பன் மேசையில் வைத்திருந்தேன். எப்போதும் செய்கிற வேலை, கை தானாகச் செய்தது. பொய் சொல்கிறவன் அதை எடுத்து வைப்பானா? நீங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம். காய்ச்சல் விட்டு ராயப்பன் வேலைக்கு வந்துவிட்டான். நான் தோல் உரிக்கிற கொட்டகையில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"மச்சான், இந்த ஏழும் எங்க சுட்டது?"

"சீட்டுல எழுதியிருக்குல்ல. படிக்கத் தெரியாதா?"

"சீட்டுல எழுதுனது தெரியுது. வயித்துல வேற எழுதியிருக்கே." உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினான். சிவப்பாகக் கூழ், அதில் எள்ளைவிடப் பொடியாக விதை. "ஃபாதர் தோட்டத்து ஸ்டிராபெர்ரி. ஏணிமலைச் சாமி எப்ப மச்சான் ஸ்டிராபெர்ரி போட ஆரம்பிச்சாரு?"

"பறந்து வந்து தின்னுட்டுப் போயிருக்கும்."

"பள்ளத்தத் தாண்டியா? தாண்டாதுன்னுதான உங்க புரொபசர் மைக்கூட்ட எறியிறாரு? வாய் ஓரத்தப் பாருங்க, மஞ்சள்கூட மாறல. கூட்ட விட்டு எறங்கிப் பத்து நாள் ஆகாத பச்சப் புள்ளைக. அதான் நெஞ்சு வெளுப்பாத் தெரியுது."

நான் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

குரலைத் தாழ்த்திக்கொண்டான். "நாளைக்கே போயிருவோம் மச்சான். நானும் வர்றேன். வந்த பெரியவர நாலஞ்சு நாள் இருக்கச் சொல்லலாம். அந்த ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன், நீங்க தள்ளியே நில்லுங்க. ஏழு எடுத்துச் சீட்ட மாத்திக் கட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது? நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

கேட்டீர்களா? எவ்வளவு திமிர் பாருங்கள். 'நீங்க தள்ளியே நில்லுங்க.' பயந்தவனிடம் பேசுகிற பேச்சு அது. அதோடு நிறுத்தியிருந்தாலும் பொறுத்திருப்பேன். "நெஞ்சு நெறமெல்லாம் எதுக்கு மச்சான், சத்தத்தக் கேட்டாலே தெரியுமே ரெண்டும் வேறன்னு" என்று சொல்லி, அங்கேயே நின்று காட்ட ஆரம்பித்துவிட்டான். முதலில் நம் மலைச் சிரிப்பு, கடைசியில் கீழே இறங்கும். அப்புறம் ஏணிமலைச் சிரிப்பு, கடைசியில் மேலே ஏறும். என் முகத்துக்கு நேராக, மூடின கொட்டகைக்குள், இரண்டு மலையும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தன.

துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் அடித்தேன். இதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. முதல் அடி இடது காதில். சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டாவது தாடையில், பல் ஒன்று தெறித்துப் பஞ்சுப் பெட்டிக்குள் விழுந்தது. மூன்றாவது வலது காதில். மேசையில் காய்ந்துகொண்டிருந்த ஏழு பறவை மேலும் ரத்தம் சிதறியது. அத்தனை வருஷத்தில் என் மேசையில் இருந்த இறகில் ரத்தம் பட்டது அன்றைக்குத்தான். மக்காச்சோள மாவு போட்டு அப்புறம் நானே துடைத்தேன்.

மல்லாக்க விழுந்தான். இரண்டு கையும் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டன. மேலே ஏறி உட்கார்ந்தேன். அதற்கப்புறம் நடந்ததை என் கைதான் செய்தது. அவன் இரண்டு அக்குளுக்கும் அடியில் கையைக் கொடுத்து நெஞ்சுக்கூட்டை அழுத்தினேன். எண்ண ஆரம்பித்தேன். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வந்தது, தாண்டியது. மனிதனுக்கு எத்தனை எண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை டாக்டரம்மா. முப்பத்திரண்டு வரைக்கும் போனேன்.

எங்கள் வீடு கொட்டகைக்கு நேர் பின்னால். சத்தம் கேட்டுச் சலேத் அடுப்பில் இருந்த கஞ்சிச் சட்டியோடு வந்திருக்கிறாள். கொதிக்கிற கஞ்சியை அப்படியே என் முதுகில் கொட்டினாள். பழைய தழும்பு ஆறி ஒரு வருஷம் ஆகவில்லை, அதே இடத்தில். அப்புறம் வெறும் சட்டியால் மண்டையில் அடித்தாள். சட்டி உடைகிற வரைக்கும் அடித்தாள். கட்டின புருஷனை. தம்பி மேல் பாசம் என்றால் அதற்கு ஒரு அளவு இல்லையா?

அவன் பிழைத்துக்கொண்டான். இரண்டு காதிலும் சீழ் பிடித்து, மழைக்காலம் முடிவதற்குள் இரண்டும் செத்துப்போயின. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு மரத்திலிருந்து விழுந்தேன் என்றானாம். புரொபசர் கேட்டதற்கும் அதே மரம்தான். அதற்கப்புறம் அவனைச் சோலைக்குக் கூட்டிப் போய் என்ன பயன்? மியூசியம் கூட்டுகிற வேலை வாங்கிக் கொடுத்தேன். நான்தான் வாங்கிக் கொடுத்தேன், அதை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

பெரியவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு பறவையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, பஞ்சு அடைத்த கை நல்ல கை என்றார். அடுத்த வருஷம் அச்சாகி வந்தது. ஏழாவது பக்கத்தில் என் பெயர், வாலில் ஒரு லத்தீன் எழுத்தோடு. உங்களுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கிறேன், பாருங்கள். கண்ணாடியைத் தினமும் துடைக்கிறேன். வருகிறவர்கள் அதைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமல் போவதில்லை. சலேத் மட்டும் ஒருமுறைகூட அதைப் பார்த்தது கிடையாது. அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம் எனக்குச் சோறு போட்டாள். என் கையில் கத்தி இருக்கும்போது ஒரு நாளும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததில்லை. செத்தபோது பெட்டிக்கு அந்தப் பக்கம் அவன் நின்றான், இந்தப் பக்கம் நான் நின்றேன். பேசவில்லை. பேசினாலும் அவனுக்குக் கேட்காதே.

இப்போது நீங்கள் வந்து, புரொபசர் சொன்னது சரி என்கிறீர்கள். ரத்தம் பார்த்தாகிவிட்டது, நம் மலைச் சிரிப்பானுக்கு வடக்கோடு சம்பந்தம் இல்லை, தனி வீடுதான் என்கிறீர்கள். சந்தோஷம். ஏணிமலைப் பறவை வேறு ஆள் என்பதும் சரி என்கிறீர்கள். ரொம்பச் சந்தோஷம். ஆனால் என் பெயர் இருப்பது அந்த ஏழு தோலின் மேல். அந்த ஏழும் கருஞ்சோலையில் சுட்டவை என்றால், ஏற்கெனவே பெயர் வைத்த பிள்ளைக்கு இரண்டாம் பெயர் வைத்தது மாதிரி ஆகிவிடும், அதை அடித்துவிடுவீர்கள். ஏணிமலைப் பறவைக்கு வேறு யார் பெயரையோ வைப்பீர்கள். அவ்வளவுதானே? இது தெரிந்துதான் அவன் கக்கியிருக்கிறான். காதுக்குப் பதிலாக என் பெயரை எடுக்கிறான்.

எழுதுங்கள். ஏணிமலை. பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அது என்ன, இன்னொரு தாள்? அவன் எழுதியதா? பேச்சு கேட்காது என்பதால் தாளில் எழுதிக் கேட்டீர்களா? கொடுங்கள். கண்ணாடி எங்கே வைத்தேன். இதோ.

'ஏழு பறவையும் ஏணிமலையில் சுட்டவைதான். நானும் கூடப் போயிருந்தேன். நான்தான் கூப்பிட்டேன், அவர் சுட்டார். இரைப்பையை அறுத்துப் பார்த்ததும் நான்தான், காட்டுப் பழ விதை இருந்தது. மச்சான் சீட்டில் எழுதியது சரி. வயதானவர், அவர் பெயரை எடுத்துவிடாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அ. ராயப்பன்.'

கூடப் போயிருந்தானா? காய்ச்சலில் பாயில் கிடந்தவன் கூடப் போயிருந்தானா?

காலில் விழுந்து கேட்கிறானா? உங்கள் காலிலும் விழுந்துவிட்டானா? யார் கேட்டது அவனை? நான் கேட்டேனா? சொல்லுங்கள் டாக்டரம்மா, நான் கேட்டேனா?

அந்தத் தாளைக் கொடுங்கள். அவனுடையது இல்லை, என்னுடையது. 'ஏணிமலை'யை அடியுங்கள். நீங்கள் அடிக்காவிட்டால் நான் அடிக்கிறேன். கருஞ்சோலை என்று எழுதுங்கள். ஃபாதர் தோட்டத்து வேலி ஓரம். ஏழும் குஞ்சு. நான்கு நாளும் நான் அந்தத் தோட்டத்துக் கொட்டகையை விட்டு நகரவில்லை. பள்ளத்தில் கால் வைக்கவில்லை. ஏன் என்றா? பயம். எழுதிக்கொள்ளுங்கள், பயம். எங்கே கையெழுத்து, இங்கேயா? பெயர் போனால் போகட்டும், அடித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. அவன் தாளில் சிவப்பு மையால், பொய் என்று பெரிதாக எழுத வேண்டும். என் கண் முன்னாலேயே எழுதுங்கள். எழுதி, அதைக் கொண்டுபோய் அவனிடம் காட்டிவிட்டுத்தான் நீங்கள் மலை இறங்க வேண்டும். அவன் பொய்யன் டாக்டரம்மா. அவன் சொல்வதை நம்பாதீர்கள்.